கலீபாவுக்குச் சட்டம் சொன்ன காஜி

மதரஸாவில் குதூரியும் ஹிதாயாவும் ஓதியவர்களுக்கு இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களின் பெயர் புதியதன்று. பக்கத்துக்குப் பக்கம் வரும் பெயர் அது. இமாமுல் அஃளம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மாணவர்களுள் முதலிடம் பெற்றவர்கள். இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களையும் இவர்களையும் சேர்த்தே ஸாஹிபைன் என்று சொல்கிறோம். ஒளு, தொழுகை, ஜகாத் பற்றி வீட்டில் எழும் சந்தேகங்களுக்கு ஆலிம்கள் விடை சொல்லும்போது நம் தாய்மார்களும் இந்தப் பெயரைச் செவியுற்றிருப்பார்கள். ஆனால், இதே இமாம் அவர்கள் மூன்று கலீபாக்களின் காலத்தில் பக்தாதில் காஜியாக அமர்ந்து வழக்குகளைத் தீர்த்தவர்கள் என்பதும், குற்றம் சாட்டப்பட்ட ஒருவனை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஆட்சியாளருக்கே எழுதிக் கொடுத்தவர்கள் என்பதும் நம்மில் பலர் அறியாதவை. அந்தப் பக்கத்தைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அன்னாரின் இயற்பெயர் யஃகூப். தந்தையார் இப்ராஹீம். அன்ஸாரி ஸஹாபியான ஸஅது இப்னு ஹப்தா (ரலி) அவர்களின் வழித்தோன்றல். ஹிஜ்ரி 113ல், அதாவது கி.பி. 731ல், கூபா நகரில் பிறந்தார்கள். யூசுப் என்ற மகன் பிறந்தபின் வந்த பெயரே அபூயூசுப். அந்த மகனும் பிற்காலத்தில் காஜியானார்.

வீட்டில் வறுமை. சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட, தாயார் மகனைத் துணி வெளுப்பவர் ஒருவரிடம் வேலைக்கு விட்டார்கள் என்று ஒரு ரிவாயத்து சொல்கிறது. தந்தையார் உயிருடன் இருந்து, அபூஹனீபா அவர்களின் ரொட்டி சுடப்பட்ட ரொட்டி, நீயோ அன்றாடம் பிழைப்பு தேட வேண்டியவன் என்று கூறி மகனைத் தடுத்தார்கள் என்று மற்றொரு ரிவாயத்து உண்டு. இரண்டில் எது சரியாயினும் நடந்தது ஒன்றே. பிள்ளை வேலையை விட்டுவிட்டு இமாமவர்களின் மஜ்லிஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாயார் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். கடைசியில் ஒரு நாள் தாயார் இமாமவர்களிடமே சண்டைக்கு வந்துவிட்டார்கள். அனாதைப் பிள்ளையை நீங்கள்தாம் கெடுக்கிறீர்கள், நானோ நூல் நூற்றுச் சோறு போடுகிறேன் என்று முறையிட்டார்கள். அதற்கு இமாமவர்கள், இந்தப் பிள்ளை பிஸ்தா எண்ணெயில் செய்த பாலூதா உண்பதற்கு இங்கே கற்றுக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல, இவருக்கு வயதாகி அறிவு மங்கிவிட்டது என்று தாயார் முணுமுணுத்தவாறே போனார்களாம். பல்லாண்டுகள் கழித்து ஹாரூன் ரஷீதின் விரிப்பில் அந்தப் பாலூதா வந்து வைக்கப்பட்டபோது அபூயூசுப் (ரஹ்) அவர்கள் சிரித்தார்கள் என்றும், காரணத்தைக் கேட்டறிந்த கலீபா வியந்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மாணவரின் கையில் இமாமவர்கள் நூறு திர்ஹம் பையை வைத்ததும், தீருமுன் மீண்டும் மீண்டும் கொடுத்து வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

அபூஹனீபா (ரஹ்) அவர்களிடம் வருமுன் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் கூபாவின் காஜி இப்னு அபீலைலா (ரஹ்) அவர்களிடம் ஓதியவர்கள். அவர் வெறும் ஆசிரியர் அல்லர்; தண்டனை விதிக்கும் அதிகாரம் பெற்றிருந்தவர். இந்த இரண்டு பெரியார்களுக்கும் இடையில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கூபாவில் சித்தம் பேதலித்த பெண்ணொருத்தி இருந்தாள். ஒருவன் அவளைச் சீண்ட, அவனுடைய தாய் தகப்பன் இருவரையும் விபசாரம் செய்தவர்கள் என்று அவள் ஏசிவிட்டாள். இது காஜியின் காதில் விழுந்தது. உடனே அவளைப் பள்ளிவாசலுக்குள் கொண்டுவரச் செய்து, நிற்க வைத்து, அவதூறுக்குரிய ஹத்தை இரண்டு முறை நிறைவேற்றினார். ஹத்து என்பது ஷரீஅத்தே அளவை வரையறுத்துவிட்ட தண்டனை. அபூஹனீபா (ரஹ்) அவர்கள் இதைக் கேள்வியுற்று, இந்த ஒரே தீர்ப்பில் ஆறு தவறுகள் நடந்திருக்கின்றன என்றார்கள். பைத்தியத்துக்குத் தண்டனை கிடையாது. பள்ளிவாசலில் ஹத்து நிறைவேற்றலாகாது. பெண்ணை உட்கார வைத்தே அடிக்க வேண்டும். ஒரே சொல்லால் எத்தனை பேரை ஏசினாலும் ஹத்து ஒன்றுதான். இரண்டு ஹத்துகள் கடமையாகிவிட்டாலும் முதல் அடியின் காயம் ஆறுமுன் அடுத்ததைத் தொடங்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏசப்பட்ட தாய் தந்தையர் அங்கே வரவுமில்லை, வழக்குத் தொடுக்கவுமில்லை. காஜிக்குக் கோபம் வந்துவிட்டது. ஆட்சியாளரிடம் முறையிட்டு அபூஹனீபா (ரஹ்) அவர்கள் பத்வா சொல்வதையே சில காலம் தடுத்துவிட்டார்.

இருவரிடமும் ஓதிய அபூயூசுப் (ரஹ்) அவர்கள் பிற்காலத்தில் இரு ஆசிரியர்களின் கருத்து வேற்றுமைகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு நூலே எழுதினார்கள். காஜியாக இருந்தவரின் அனுபவத்தையும் அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. சில மஸ்அலாக்களில் முன்னைய ஆசிரியரின் பக்கமே சாய்ந்தார்கள். பின்னர் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைச் சந்தித்தபோது, ஸாஉ என்னும் மரக்கால் அளவு விஷயத்தில் தம் பழைய கருத்தை விட்டுவிட்டு மதீனாவாசிகளின் அளவை ஏற்றார்கள். கொள்கைப் பிடிப்பு வேறு, பிடிவாதம் வேறு என்பதை அறிந்தவர்கள்.

இளமையில் ஒருமுறை, தாமே தனி மஜ்லிஸ் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது. ஆசிரியர் ஓர் ஆளை அனுப்பி ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்கள். ஒருவன் துணி வெளுப்பவனிடம் துணி கொடுத்தான். திரும்பக் கேட்டபோது அவன் வாங்கவேயில்லை என்று மறுத்தான். பிறகு வெளுத்த துணியைக் கொண்டுவந்து கொடுத்தான். இவனுக்குக் கூலி உண்டா? உண்டு என்றாலும் தவறு என்று சொல், இல்லை என்றாலும் தவறு என்று சொல் என ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அபூயூசுப் (ரஹ்) அவர்கள் திகைத்து நேரே ஆசிரியரிடமே வந்துவிட்டார்கள். விளக்கம் இதுதான்: மறுப்பதற்கு முன்பே வெளுத்திருந்தால் அது உடையவனுக்காக வெளுத்தது, கூலி உண்டு. மறுத்த பின் வெளுத்திருந்தால் அபகரித்த பொருளைத் தனக்காக வெளுத்துக்கொண்டான், கூலி இல்லை. எப்போது நடந்தது என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாத வழக்கு இது. சிறு வயதில் வெளுப்புத் தொழிலுக்கு விடப்பட்டவரிடம் வெளுப்பவனைப் பற்றியே கேட்க வைத்ததில் ஆசிரியரின் குறும்பும் இருக்கலாம்.

காஜி பதவியை அபூஹனீபா (ரஹ்) அவர்கள் ஏற்க மறுத்ததும், அதற்காக அடியும் சிறையும் அனுபவித்ததும் யாவரும் அறிந்தவை. ஹிஜ்ரி 150ல் பக்தாதில் அவர்கள் வபாத்தானார்கள். அத்தகைய ஆசிரியரின் தலைமாணவர், கலீபா மஹ்தீயின் காலத்தில் அதே பக்தாதில் காஜி பதவியை ஏற்றார். அன்றும் சரி, பின்னரும் சரி, இதைக் குறை கூறியவர்கள் உண்டு. அரண்மனைக்கு வேண்டியபடி தந்திரமாகச் சட்டம் சொல்லிக் கொடுத்தார் என்று கதைகளும் கட்டப்பட்டன. அவற்றுள் பலவற்றை ஆராய்ச்சியுள்ள உலமாக்கள் ஏற்கவில்லை. என் கருத்தைக் கேட்டால், ஆசிரியரின் மறுப்பும் மாணவரின் ஏற்பும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை என்பேன். ஆசிரியர், தம் கையால் அநியாயம் நடந்துவிடக்கூடாதே என்று அஞ்சினார்கள். மாணவர், தகுதியற்றவன் கையில் அந்தப் பதவி போனால் நடக்கும் அநியாயத்தை அஞ்சினார்கள். இப்படி ஒருவர் பதவியை ஏற்றால், அவர் அதில் என்ன செய்தார் என்பதைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

மஹ்தீக்குப் பின் வந்த கலீபா ஹாதீயின் மீதே ஒரு தோட்டம் சம்பந்தமாக வழக்கு வந்தது. சாட்சிகள் கலீபாவின் பக்கம் இருந்தார்கள். உண்மை எதிராளியின் பக்கம் இருப்பதாகக் காஜிக்குப் பட்டது. சாட்சியைத் தள்ளிவிட வழியில்லை. ஆகவே, சாட்சிகள் சொன்னது உண்மையே என்று கலீபா சத்தியம் செய்ய வேண்டுமென எதிராளி கேட்கிறார் என்றார்கள். அப்படிச் செய்ய வைக்கலாமா என்று கலீபா கேட்க, இப்னு அபீலைலா அவர்கள் அவ்வாறு கருதியதுண்டு என்று விடை வந்தது. சத்தியத்துக்கு அஞ்சிய கலீபா தோட்டத்தை விட்டுக்கொடுத்தார். பழைய ஆசிரியரின் கருத்து இங்கே ஓர் ஏழைக்குக் கை கொடுத்ததைக் கவனிக்க வேண்டும்.

ஹிஜ்ரி 170ல் ஹாரூன் ரஷீத் கலீபாவானார். அவருடைய காலத்தில்தான் காஜிகளுக்கெல்லாம் காஜி என்னும் பொருளில் காஜில் குளாத் என்ற பட்டம் முதன்முதலாக அபூயூசுப் (ரஹ்) அவர்களுக்குக் கிடைத்தது. அரசாங்கத்தில் பெருஞ்செல்வாக்குள்ள பள்லு இப்னு ரபீஉ ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தபோது இமாமவர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். கலீபா காரணம் கேட்டார். தங்களிடம் இவர் தம்மைத் தங்கள் அடிமை என்று சொல்லக் கேட்டேன், அது உண்மையானால் அடிமையின் சாட்சி செல்லாது, பொய்யானால் பொய்யரின் சாட்சியும் செல்லாது என்று காரணம் கூறினார்கள். முகஸ்துதிக்காரர்கள் நிறைந்த சபையில் இந்தப் பதில் எப்படி விழுந்திருக்கும்!

ஹாரூன் ரஷீத் கேட்டுக்கொண்டதன் பேரில் இமாமவர்கள் எழுதியது கிதாபுல் கராஜ். பெயர் நிலவரியைக் குறிக்கும். வரி, நீர்ப்பாசனம், பைத்துல்மால் முதலியவை அதில் விரிவாக உள்ளன. ஆனால், குற்றவாளிகளையும் கைதிகளையும் பற்றிய பகுதியைப் படிக்கும்போது இது ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதா என்று வியப்பு வருகிறது.

கைதிகள் சங்கிலியோடு தெருவுக்கு வந்து பிச்சை எடுத்து உண்ணும் வழக்கம் அப்போது இருந்தது. தவறு செய்துவிட்ட முஸ்லிம்கள் விலங்கோடு கையேந்தித் திரிவது பெரும் கொடுமை, காபிர்கள்கூடத் தம்மிடம் சிறைப்பட்ட முஸ்லிம்களை இப்படி நடத்துவார்கள் என்று நினைக்க முடியவில்லை என்று கலீபாவுக்கு எழுதினார்கள். பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்கு உணவு தரவேண்டும். அதையும் ரொட்டியாகக் கொடுத்தால் சிறைக் காவலர்களே தின்றுவிடுவார்கள். ஆகவே திர்ஹமாகக் கொடுக்க வேண்டும். நம்பிக்கையான ஒருவரை நியமித்து, கைதிகளின் பெயர்களை எழுதி வைத்து, மாதந்தோறும் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி அழைத்து, அவன் கையிலேயே பணத்தை வைக்க வேண்டும். மாதம் பத்து திர்ஹம் போதும். குளிர்காலத்துக்குச் சட்டையும் போர்வையும், கோடைக்குச் சட்டையும் வேட்டியும், பெண் கைதிகளுக்கு இவற்றோடு முக்காடும். பதவியில் இருந்துகொண்டு, காவலன் எப்படித் திருடுவான் என்பது வரைக்கும் யோசித்து எழுதியவர்கள் அவர்கள்.

கேட்பாரற்ற கைதி இறந்துபோனால் அவனுடைய மையித்து ஓரிரு நாள் அப்படியே கிடக்குமாம். மற்றக் கைதிகள் தங்களுக்குக் கிடைத்த தர்மத்தில் காசு சேர்த்துத் தூக்கிச் செல்ல ஆள் பிடிப்பார்கள். குளிப்பாட்டலும் இல்லை, கபனும் இல்லை, தொழுகையும் இல்லை. இஸ்லாத்தில் இது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று இமாமவர்கள் மனம் நொந்து எழுதி, குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது அடக்கும் செலவைப் பைத்துல்மாலே ஏற்க வேண்டும் என்றார்கள்.

சிறைகள் ஏன் நிரம்பி வழிகின்றன? வழக்குகளை விசாரிப்பதில்லை, பிடித்தவனைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனவே சில நாட்களுக்கு ஒருமுறை ஆளுநர்கள் கைதிகளின் நிலையைப் பார்வையிட வேண்டும். கண்டிக்கப்பட வேண்டியவனைக் கண்டித்து அனுப்ப வேண்டும். வழக்கே இல்லாதவனை விட்டுவிட வேண்டும். ஒருவன் மற்றவனைக் கைகாட்டினான் என்பதற்காக மட்டும் சிறை வைக்கலாகாது. இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி, ஆதாரம் இருந்தால் தீர்ப்பளிக்க வேண்டும். இல்லையேல் பிணை வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். வெறும் சந்தேகத்தின் பேரில் இருநூறு, முந்நூறு என்று அடிப்பதாகக் கேள்விப்படுகிறேன், இது ஹலாலன்று என்றும் எழுதினார்கள். தொழுகிறவர்களை அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நினைவூட்டி, ஹத்துக்குரிய குற்றம் இல்லாமல் அடிப்பதையே அது குறிக்கும் என்று பொருள் சொன்னார்கள்.

அடித்து வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பற்றி அவர்கள் சொன்னது இன்னும் கூர்மையானது. திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டவனை அடிப்பதோ மிரட்டுவதோ கூடாது. அப்படி ஒப்புக்கொண்டால் அது செல்லாது, அதை வைத்துக் கையை வெட்டவும் கூடாது. பசியும் பயமும் சிறையும் எந்த மனிதனையும் தனக்கே எதிராகப் பேசவைக்கும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கூறியதை இதற்குச் சான்றாக வைத்தார்கள். ஷாம் நாட்டில் ஒருவனைச் சந்தேகத்தில் பிடித்து அடிக்க, அவன் ஒப்புக்கொண்டான். இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டனுப்பியபோது, அடித்த பிறகுதானே ஒப்புக்கொண்டான், வெட்டக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இதையும் எடுத்து எழுதினார்கள். தாமாக ஒப்புக்கொள்ளும் திருடன் விஷயத்தில்கூட ஒருமுறை போதாது, இரண்டு சாட்சிகளுக்கு ஈடாக இருமுறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர்களது கருத்து. அபூஹனீபா (ரஹ்) அவர்களுக்கு ஒருமுறையே போதும். மாணவர் ஆசிரியரைவிட ஒரு படி அதிகமாகத் தயங்கினார்கள்.

காஜியின் கண்ணே கண்ட குற்றம் என்றால்? இமாம் அவர்களே நேரில் ஒருவன் திருடுவதையோ குடிப்பதையோ பார்த்துவிட்டால், தண்டிப்பதற்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றும். கியாஸ் என்னும் ஒப்பீட்டு முறைப்படி தண்டிக்கலாம் என்றே வரும் என்பதை அபூயூசுப் (ரஹ்) அவர்கள் மறைக்கவில்லை. ஆயினும் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) அவர்களிடமிருந்து வந்துள்ள செய்திகளைக் கொண்டு, சாட்சியத்தால் நிரூபணமாகும் வரை தம் பார்வையை மட்டும் வைத்து ஹத்தை நிறைவேற்றக்கூடாது என்று இஸ்திஹ்ஸான் முறையில் முடிவு செய்தார்கள். கடன் போன்ற மனித உரிமை விஷயத்தில் தம் முன்னிலையில் ஒருவன் ஒப்புக்கொண்டதைக் கேட்டிருந்தால் மட்டும் அதைக் கொண்டு தீர்ப்பளிக்கலாம். அதிகாரம் உள்ளவர் தம் கண்ணையே சாட்சியாக்கிக்கொண்டால், அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய யார் இருக்கிறார்கள்?

ஹத்து அல்லாத குற்றங்களுக்கு உரியது தஃஸீர். இதன் அளவு காஜியின் யோசனைக்கே விடப்பட்டுள்ளது. ஆனால், யோசனைக்கு விடப்பட்டது என்றால் மனம் போனபடி என்பதன்று. அடிமைக்குரிய ஹத்து 40 கசையடி. அதற்கு ஒன்று குறைவாக 39க்கு மேல் போகலாகாது என்றார்கள் அபூஹனீபா (ரஹ்) அவர்கள். அபூயூசுப் (ரஹ்) அவர்கள் சுதந்திரமானவனுக்குரிய 80ஐ எல்லையாகக் கொண்டு, 75 என்று வரம்பிட்டார்கள். 79 என்றும் ஒரு ரிவாயத்து உண்டு. ஹாரூன் ரஷீதுக்கு எழுதும்போது, குற்றம் பெரிதா சிறிதா என்றும், அடிபடுகிறவனின் உடல் எவ்வளவு தாங்கும் என்றும் பார்த்து, எண்பதுக்குக் கீழே தலைவர் நிர்ணயிப்பதே தாம் கண்டவற்றுள் அழகியது என்று விளக்கினார்கள். மேலே ஓர் உச்சவரம்பு, அதற்குள் இரண்டு கேள்விகள். சந்தேகம் வந்தால் ஹத்தையே விட்டுவிட வேண்டும், தண்டிப்பதில் தவறிவிடுவதைவிட மன்னிப்பதில் தவறிவிடுவது தலைவருக்கு மேல் என்ற கருத்துள்ள ரிவாயத்தையும் அந்த நூலில் சேர்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு எழுதியவரின் மஜ்லிஸிலும் ஒரு நாள் சோதனை வந்தது. இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் தமது நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். முஸ்லிம் ஒருவன் முஸ்லிமல்லாத ஒருவனைக் கொன்றுவிட்டான். இஸ்லாமிய ஆட்சியின் பாதுகாப்பில் வாழும் திம்மியைக் கொன்றால் கொன்றவன் முஸ்லிமாயினும் பழிக்குப் பழி உண்டு என்பது ஹனபி மத்ஹபு. ஷாஃபிஈ மத்ஹபில் அப்படியில்லை. அபூயூசுப் (ரஹ்) அவர்கள் தம் மத்ஹபின்படி மரண தண்டனைத் தீர்ப்பளித்தார்கள். உடனே ஒருவன் ஒரு சீட்டைக் கொண்டுவந்து எறிந்தான். காபிருக்காக முஸ்லிமைக் கொல்லும் காஜி அநியாயக்காரர் என்று பழித்து, பக்தாதின் உலமாக்களையும் கவிஞர்களையும் கிளர்ந்தெழ அழைக்கும் கவிதை அது. இமாமவர்கள் அதைக் கலீபாவிடம் காட்டினார்கள். குழப்பம் மூளாதிருக்க ஏதாவது வழி காணுங்கள் என்றார் கலீபா. இமாமவர்கள் திரும்பி வந்து, கொலையுண்டவன் முறைப்படி திம்மியாக இருந்து ஜிஸ்யா செலுத்தி வந்தான் என்பதற்குச் சாட்சி கொண்டுவருமாறு அவனுடைய உறவினரைக் கேட்டார்கள். அவர்களால் கொண்டுவர இயலவில்லை. மரண தண்டனை நீங்கியது. இரத்தப் பரிகாரத் தொகை கொடுக்கத் தீர்ப்பாயிற்று.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? உயிரை வாங்கும் தீர்ப்புக்கு முன் சந்தேகத்துக்கு இடமான ஒன்றை விசாரித்தார்கள், ஹத்து விஷயத்தில் அவர்களே சொன்ன எச்சரிக்கை இதுதானே என்று கூறலாம். அந்தக் கேள்வி சீட்டு வருவதற்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டாமா, அரண்மனையிலிருந்து திரும்பிய பின்தானே கேட்கப்பட்டது என்றும் கூறலாம். எனக்கு இரண்டாவது கேள்வி மனத்தை விட்டுப் போவதில்லை. இறந்தவனின் வீட்டார் அன்று எந்த எண்ணத்தோடு திரும்பிப் போயிருப்பார்கள்? பெரியார்களின் வரலாற்றில் இத்தகைய செய்திகளை மறைக்காமல் எழுதி வைத்த நம் முன்னோர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக.

மரண வேளையில் இமாமவர்கள் தம் தீர்ப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். வேண்டுமென்றே எவருக்கும் அநியாயம் செய்யவில்லை, வழக்காடிகள் இருவரில் ஒருவர் பக்கம் உள்ளத்தாலும் சாயவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். கிறிஸ்தவர் ஒருவர் ஹாரூன் ரஷீதின் மீது வழக்குக் கொண்டுவந்திருந்தார். தீர்ப்பு கலீபாவுக்கு எதிராகவே ஆயிற்று. ஆனால் விசாரணையின்போது இருவரையும் சமமாக உட்கார வைக்கவில்லையே என்பதுதான் அந்த ஒன்று. அதைச் சொல்லி அழுதார்கள்.

மாணவர் இப்ராஹீம் இப்னுல் ஜர்ராஹ் நோய் விசாரிக்க வந்தார். கண் விழித்த இமாமவர்கள், ஹஜ்ஜில் கல்லெறிவது நடந்து சென்றா, வாகனத்தில் இருந்தா, எது சிறந்தது என்று கேட்டார்கள். இந்த நிலையிலுமா என்று அவர் தயங்கினார். பின் நடந்து என்றார், தவறு என்றார்கள். வாகனத்தில் என்றார், அதுவும் தவறு என்றார்கள். எறிந்தபின் நின்று துஆ கேட்க வேண்டிய இடங்களில் நடந்து எறிவது சிறந்தது, நிற்காமல் போய்விடும் இடத்தில் வாகனத்திலிருந்து எறிவது சிறந்தது என்று பிரித்துச் சொன்னார்கள். மாணவர் விடைபெற்று வாசலைக் கடக்குமுன் உள்ளே அழுகுரல் எழுந்தது. அது ஹிஜ்ரி 182, கி.பி. 798. அன்னாருக்கு வயது 69. பக்தாதிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.